முன்வரிசையும் கடைசல் பட்டறையும்

றக்பி ஆட்டத்தின் ஸ்கிரம்மில் என் சட்டை இலக்கம் 2. இடப்பக்கத்தில் 1, வலப்பக்கத்தில் 3. இருவருடைய முதுகையும் சுற்றிக் கைபோட்டு நடுவில் நிற்கிறவன் 2. ஜேர்மன் மைதானங்களில் அவனுக்குப் பெயர் ஹாக்லர்; அவனைத் தாங்கும் இருவரும் ஃபைலர்கள். எங்கள் மூவருக்கும் பின்னால் ஐந்து பேர். எதிரே இதேபோல் எட்டுப் பேர். நடுவர் குனியச் சொல்வார், பிடிக்கச் சொல்வார், மூன்றாவது சொல்லில் பதினாறு பேரும் பொருந்துவோம். நல்ல தரத்து ஆட்டமென்றால் ஒவ்வொரு பக்கத்து எடையும் 800 கிலோவைத் தாண்டும். பின்னால் இருப்பவர்கள் தள்ளுவதெல்லாம் முன்வரிசை மூவரின் தோளிலும் கழுத்திலும் முள்ளந்தண்டிலும் ஏறித்தான் எதிரிக்குப் போகும். அந்த நெரிசலுக்குள் ஒரு காலைத் தூக்கிப் பந்தைப் பின்னால் தட்டிவிடுவது ஹாக்லரின் வேலை. அப்போது அவன் ஒற்றைக் காலில் நிற்பான். விழாமல் வைத்திருப்பவர்கள் பக்கத்து இருவரும்.

பார்க்கிறவருக்கு இது முரட்டு வேலை. உள்ளே நிற்கிறவனுக்கு அளவு வேலை. முதுகு நேராக இருக்கவேண்டும். தோள் இடுப்புக்குக் கீழே இறங்கக் கூடாது. பாதம் கொஞ்சம் பின்னால் தள்ளிப் போனாலே கால் நீண்டு, தள்ளும் பலம் போய்விடும். கொஞ்சம் முன்னே வந்தால் முழங்கால் மடங்கி மூச்சு அடைக்கும். 2013க்கு முன்பெல்லாம் இரண்டு பக்கமும் இடைவெளி விட்டு நின்று மோதிக்கொள்வார்கள். அந்த ஆண்டு விதி மாறியது. ஃபைலர்கள் எதிராளியின் சட்டையைப் பற்றிய பிறகே இரு வரிசைகளும் சேரலாம் என்றானது. மோதலின் வேகம் குறைந்தது, நுட்பத்துக்கு மதிப்புக் கூடியது. அந்த மாற்றம் வந்த காலத்தில்தான் நான் பெரியவர்களின் அணிக்குள் நுழைந்தேன்.

உதைபந்தாட்டமே எல்லாமாக இருக்கும் இந்த நாட்டில் ஒரு றக்பி வீரனின் வாழ்க்கை எதில் நிற்கிறது, எதில் சரிகிறது என்று எழுதிவைக்க வேண்டுமென்று நெடுநாளாக நினைத்திருந்தேன். எங்கள் தமிழ்ப் பிள்ளைகளும் இப்போது ஒருவர் இருவராக இந்த மைதானத்துக்கு வருகிறார்கள். அவர்களுடைய தாய் தகப்பன் என்னிடம் கேட்கும் கேள்விகளுக்கு வேலியோரம் நின்று ஐந்து நிமிடத்தில் பதில் சொல்லி முடிவதில்லை.

ஹைடல்பேர்க்குக்குப் பக்கத்து ஊரில் நாங்கள் இருந்தோம். அப்பாவும் அம்மாவும் எண்பதுகளின் கடைசியில் அகதிகளாக வந்தவர்கள். ஜேர்மனியின் மற்றப் பகுதிகளில் நீள்வட்டப் பந்தைக் கையில் வைத்திருந்தால் அமெரிக்க ஃபுட்போலா என்று கேட்பார்கள். ஹைடல்பேர்க்கில் அப்படி யாரும் கேட்பதில்லை. அந்த ஒரு நகரத்திலேயே ஹைடல்பேர்கர் ஆர்.கே., நொய்யன்ஹைம், ஆர்.ஜி. ஹைடல்பேர்க், ஹான்ட்ஷூஸ்ஹைம் என்று நான்கு பேர்பெற்ற கழகங்கள். அங்கே படிக்க வந்த ஆங்கிலேய மாணவர்கள் 19ஆம் நூற்றாண்டில் நெக்கார் ஆற்றங்கரைக்குக் கொண்டுவந்த விளையாட்டு இது. 1872இல் படகு வலிப்பதற்காகத் தொடங்கிய கழகம்தான் இன்றைய ஹைடல்பேர்கர் ஆர்.கே. பெயரில் இன்னும் படகு இருக்கிறது. வடக்கே ஹனோவரில் 1878இலேயே கழகம் அமைந்துவிட்டது. இந்த இரண்டு நகரங்களும்தான் ஜேர்மன் றக்பியின் இரண்டு கால்கள். பிராங்பேர்ட்டும் பேர்லினும் அவற்றை அடுத்து வரும்.

எங்கள் பாடசாலையில் உடற்பயிற்சி ஆசிரியர் ஒருவர் பின்னேரங்களில் றக்பி சொல்லிக்கொடுத்தார். அவரும் ஒரு காலத்து ஹாக்லர். குட்டையாக, தடித்த தோளோடு நின்ற என்னைப் பார்த்தார். ஓடச் சொல்லவில்லை, முதலில் குனிந்து நிற்கக் கற்றுக்கொடுத்தார். கழுத்தைப் பலப்படுத்துவதில் ஒரு முழுக் குளிர்காலம் போனது. பந்தைத் தொட்டது அதற்குப் பிறகுதான்.

வீட்டில் சொன்னபோது அப்பா ஆச்சரியப்படவில்லை. இளமையில் கண்டியில் வேலை பார்த்தவர் அவர். 1945இலிருந்து ரோயல் கல்லூரியும் ட்ரினிட்டிக் கல்லூரியும் பிரட்பி கேடயத்துக்காக ஆடிவருவதும், அந்த நாளில் கண்டி முழுவதும் திரண்டு போவதும் அவருக்குத் தெரியும். "அது பெரிய இடத்துப் பெடியளின்ர விளையாட்டு தம்பி" என்றார். "அவங்களுக்கு விழுந்தாலும் பிடிக்க ஆளிருக்கு. உனக்கு ஒரு தொழில் இருக்க வேணும். அதை முதல் எடு, பிறகு விளையாடு." அம்மாவின் கவலை வேறு. சனிக்கிழமை தமிழ்ப் பள்ளி, சனிக்கிழமைதான் ஆட்டமும். கடைசியில் காலையில் தமிழ், மத்தியானம் றக்பி என்று தீர்ந்தது. தமிழ்ப் பரீட்சைக்கு நான் சேற்றுக் காலோடு போனதுண்டு. அம்மா அதற்கு என்னைப் பேசியதில்லை.

அப்பாவின் அந்தச் சொல்தான் என் வாழ்க்கையை நடத்தியது. பாடசாலை முடிந்ததும் ஒரு பட்டறையில் கடைசல் தொழில் பழகச் சேர்ந்தேன். ஜேர்மன் முறைப்படி மூன்றரை ஆண்டு: வாரத்தில் சில நாள் தொழிற்பள்ளி, மற்ற நாள் இயந்திரத்தடி, முடிவில் வர்த்தகச் சபையின் பரீட்சை. உருக்குத் துண்டை இயந்திரத்தில் பூட்டி மில்லிமீற்றரின் நூறில் ஒரு பங்கு பிசகாமல் சீவி எடுக்கும் வேலை. எங்கள் மைஸ்டர், அதாவது பட்டறையின் தலைமைத் தொழிலாளி, முதல் வாரத்தில் இயந்திரத்தை ஓட்டவே விடவில்லை. அரத்தைக் கையில் தந்து ஒரு கட்டியைச் சதுரமாக்கச் சொன்னார். பாடசாலை ஆசிரியர் என்னைக் குனிய வைத்ததும் இவர் அரத்தைத் தந்ததும் ஒரே பாடம் என்று அப்போதே எனக்குப் பட்டது. உடம்புக்கு நிதானம் வராமல் எந்தத் தொழிலும் வராது.

அன்றிலிருந்து என் நாள் இரண்டாகப் பிரிந்தது. காலை முறை ஆறு மணிக்குத் தொடங்கி இரண்டுக்கு முடியும். வீட்டுக்கு வந்து சாப்பாடு, ஒரு மணிநேர நித்திரை. நான்கு மணிக்கு எடைப் பயிற்சி, ஏழு மணிக்கு மைதானம். இரவில் ஒளிநாடா பார்த்து எதிரணியின் காஸெயைப் படிப்பேன். பக்கக்கோட்டைத் தாண்டிப் போன பந்தை இரண்டு வரிசைக்கும் நடுவே எறிந்து ஆட்டத்தைத் தொடங்குவதுதான் காஸெ. எறிகிறவன் ஹாக்லர். உயரத்தில் தூக்கிப் பிடிக்கப்பட்ட சகாவின் கைக்கு, அவன் உச்சியைத் தொடும் அந்தக் கணத்தில் பந்து போய்ச் சேரவேண்டும். அணி கலைந்து போன பிறகு நான் தனியே நின்று கோல் கம்பத்தில் ஒரு புள்ளியைக் குறிவைத்து எறிந்துகொண்டிருப்பேன். மழை, பனி, கைவிரல் விறைப்பு எல்லாவற்றிலும் அந்த எறிதல் மாறக் கூடாது. டிசம்பரில் தரை இறுகிப் போட்டிகள் நின்றுவிடும். அந்தக் குளிர்கால இடைவெளியில்தான் ஒரு முன்வரிசைக்காரன் உருவாகிறான். எடையும் கழுத்தும் அப்போதுதான் ஏறும்.

உடம்பை ஏற்றியது அம்மாவின் சமையல். புட்டும் முட்டைப் பொரியலும் காலைக்கு. மத்தியானம் ஆட்டிறைச்சிக் கறியோடு சோறு. இரவில் ஜேர்மன்காரர் சாப்பிடும் குவார்க் என்ற தயிர்க்கட்டி. சக வீரர்கள் புரதமாவுக்குச் செலவழித்த காசை நான் செலவழித்ததில்லை. பருப்பும் மீனும் எனக்குப் போதுமாக இருந்தன.

இனிக் காசைப் பற்றி. எல்லாரும் கேட்பது அதைத்தான்.

1995 ஓகஸ்டில்தான் உலக றக்பி சம்பளத்துக்கு ஆடலாம் என்று கதவைத் திறந்தது. அதற்கு முன் காசு வாங்கியவன் குற்றவாளி. பிரான்சும் இங்கிலாந்தும் அந்தக் கதவால் வேகமாக வெளியே ஓடின. ஜேர்மனி படியிலேயே நின்றது. இங்கே 1971இலிருந்து றக்பி பூண்டஸ்லிகா நடக்கிறது. தலைமைப் போட்டிக்கு முந்திய ஆட்டங்களுக்குச் சில நூறு பேர் வருவார்கள். தொலைக்காட்சிப் பணம் இல்லை. கழகத்தின் வரவு உறுப்பினர் சந்தா, கடைக்காரரின் விளம்பரப் பலகை, மைதானத்து உணவுக்கடை. இதிலிருந்து வீரனுக்கு வருவது பயணச் செலவு. கொஞ்சம் கூடினால் மினிஜோப் என்ற சிறுவேலை ஒப்பந்தம். நான் ஆடிய காலத்தில் அதன் உச்சம் மாதம் 450 யூரோ. இளையோருக்குப் பயிற்சி கொடுத்தால் அதற்குத் தனியாக ஒரு வரிவிலக்குத் தொகை உண்டு. 2021இல் அதை ஆண்டுக்கு 3000 யூரோவாக உயர்த்தினார்கள். முதற்பிரிவில் ஆடிய பருவங்களில் இந்த இரண்டும் எனக்குக் கிடைத்தன. வாடகைக்கு அது போதாது. வாடகையைக் கட்டியது பட்டறை.

இதற்கு விலக்காக ஒரு பத்தாண்டு இருந்தது. ஹைடல்பேர்க் பக்கத்துத் தொழிலதிபர் ஹான்ஸ்-பீட்டர் வில்ட், கப்ரி-சன் பானத்தின் உரிமையாளர், இளமையிலேயே இந்த விளையாட்டில் ஊறியவர். தன் பெயரில் ஒரு றக்பி அக்கடமி அமைத்து, வீரர்களுக்கு முழுநேர ஒப்பந்தம் கொடுத்தார். வெளிநாட்டுப் பயிற்றுநர், வைத்தியர், உடற்பயிற்சிக்கூடம் எல்லாம் வந்தன. ஹைடல்பேர்கர் ஆர்.கே. 2010இலிருந்து 2015 வரை தொடர்ந்து சாம்பியன். என் வயதுப் பெடியள் சிலர் வேலையை விட்டுவிட்டு அந்த ஒப்பந்தத்தில் சேர்ந்தார்கள். அவர்களுடைய உடம்பு ஒரே பருவத்தில் மாறியதை எதிரே நின்று என் தோளால் உணர்ந்திருக்கிறேன். ஒரு மனிதன் நாள் முழுவதும் ஒரே தொழிலைச் செய்தால் என்னவாகிறான் என்பதற்கு அதுவே சான்று. நாட்டுக்கும் பலன் கிடைத்தது. 2017 பெப்ரவரியில் ஒஃபன்பாக்கில் ஜேர்மனி ருமேனியாவை 41–38 என்று வென்றது. ருமேனியா அதுவரை நடந்த எல்லா உலகக் கிண்ணங்களிலும் ஆடிய நாடு. அந்த வெற்றியை அன்றைக்கு நாங்கள் எல்லோரும் எங்கள் வெற்றியாகக் கொண்டாடினோம்.

ஆண்டு முடிவதற்குள் வில்டுக்கும் தேசிய றக்பிச் சங்கத்துக்கும் பிணக்கு முற்றியது. நவம்பரில் சிலியோடு நடந்த ஆட்டத்தில் முதன்மை வீரர்கள் இறங்க மறுத்தார்கள். 2018 பெப்ரவரியில் அதே ருமேனியாவிடம் ஜேர்மனி 6–85 என்று தோற்றது. இரண்டு ஆட்டங்களுக்கும் இடையே ஒரே ஆண்டு. சட்டையும் கொடியும் அதேதான். உள்ளே நின்றவர்கள் வேறு. நாள் முழுவதும் பயிற்சி பெற்றவர்கள் வெளியே இருந்தார்கள். வேலை முடிந்து மாலையில் பயிற்சிக்கு வந்தவர்கள் உள்ளே இறங்கினார்கள். அவர்கள் காட்டிய துணிவை நான் மதிக்கிறேன். ஆனால் துணிவு 80 நிமிடம் ஸ்கிரம்மைத் தாங்காது.

பிறகு சமரசம் வந்து வீரர்கள் திரும்பினார்கள். அதே சமயம் ருமேனியாவும் ஸ்பெயினும் பெல்ஜியமும் தகுதியில்லாத வீரர்களை ஆடவைத்ததற்காகப் புள்ளிகளை இழக்க, ஜேர்மனிக்கு உலகக் கிண்ண வாசல் எதிர்பாராமல் திறந்தது. ஜூனில் ஹைடல்பேர்க்கில் போர்த்துக்கலை 16–13 என்று வென்றார்கள். சமோவாவிடம் அங்கும் இங்கும் தோற்றார்கள். நவம்பரில் மார்செய்யில் கடைசி வாய்ப்பு: ஹொங்கொங்கை 26–9 என்று வென்று, கனடாவிடம் 10–29 என்று தோற்று, கென்யாவை வென்று இரண்டாமிடம். முதலிடத்துக்கு மட்டுமே இடம் இருந்தது. உலகக் கிண்ணத்துக்காக ஜப்பானுக்குப் போனது கனடா. அதே 2018இல் ஹைடல்பேர்கர் ஆர்.கே. ஐரோப்பிய சலேஞ்ச் கிண்ணத்துக்குத் தகுதி பெற்றது. வில்ட் 2017இல் பாரிஸின் ஸ்டாட் பிரான்சே அணியையும் வாங்கியிருந்தார். ஒரே ஆளின் பணம் இரண்டு கழகங்களில் இருப்பது விதிக்கு ஒவ்வாது என்று அமைப்பாளர்கள் ஹைடல்பேர்க்கைச் சேர்க்கவில்லை. 2019இல் ஜேர்மனி போர்த்துக்கலிடம் தோற்றுக் கீழ்ப்பிரிவுக்கு இறங்கியது. மேற்பிரிவில் மீண்டும் ஆடியது 2023இல்.

இதைக் குறைசொல்லும் எண்ணத்தில் நான் எழுதவில்லை. அந்தப் பணம் இல்லாவிட்டால் 41–38 என்ற எண்ணே இருந்திருக்காது. ஒருவர் தன் கைக்காசைப் போட்டு ஒரு விளையாட்டைத் தூக்கியதற்கு இந்த நாட்டு றக்பிக்காரன் எவனும் நன்றியோடு இருக்கவேண்டும். எனக்கு அதிலிருந்து கிடைத்த பாடம் ஒன்றுதான்: ஒரு கையை நம்பி நிற்கும் சம்பளம், அந்தக் கை விலகும் நாளில் வீரனைத்தான் முதலில் கைவிடும். கடனும் கைக்குழந்தையும் வைத்திருந்த நல்ல வீரர்கள் முப்பது வயதுக்குப் பிறகு முதன்முதலாக ஒரு தொழில் பழகப் போனதைக் கண்டேன். பதினாறு வயதுப் பெடியளோடு ஒரே வாங்கில் அமர்ந்து அவர்கள் படித்தார்கள். அதில் இழிவொன்றும் இல்லை. ஆனால் அந்தச் சுமையை அவர்கள்மேல் ஏற்றாமல் இருந்திருக்கலாம்.

கொடையாளியின் பணம் ஒரு வழி என்றால், இரண்டாவது வழி ஒலிம்பிக். 2009 ஒக்டோபரில் றக்பியின் ஏழுபேர் ஆட்டத்தை 2016 ரியோ விளையாட்டில் சேர்ப்பதென்று முடிவானது. ஜேர்மனியில் அரச பணம் ஒலிம்பிக் விளையாட்டைத் தொடர்ந்து போகும். அதன் பிறகு ஏழுபேர் அணி வீரர்களுக்கு இராணுவத்தின் விளையாட்டுப் பிரிவில் இடம் கிடைத்தது: சிப்பாய்ச் சம்பளம், காப்புறுதி, ஹைடல்பேர்க்கில் நாள் முழுவதும் பயிற்சி, ஓய்வுபெறும்போது தொழில்கல்விக்கு உதவி. உலகத் தொடரில் நிலையான இடம்பிடிக்க ஹொங்கொங்கில் நடந்த தகுதிகாண் இறுதியில் 2017இல் ஸ்பெயினிடமும் 2018இல் ஜப்பானிடமும் தோற்றார்கள். 2019இல் ஐரோப்பியச் சாம்பியனானார்கள். 2022இல் கேப்டவுன் உலகக் கிண்ணத்தில் ஆடினார்கள். ஒலிம்பிக் மட்டும் இன்னும் கைக்கு எட்டவில்லை. பழைய கதை ஒன்று உண்டு: 1900இல் பாரிஸ் ஒலிம்பிக்கில் பதினைந்துபேர் ஆட்டத்தில் பிராங்பேர்ட் 1880 கழகம் ஜேர்மனியின் பெயரால் ஆடி, பிரான்சிடம் 17–27 என்று தோற்று வெள்ளி பெற்றது. 1927இலும் 1938இலும் ஜேர்மனி பிரான்சை வென்றதும் உண்டு. அந்த முப்பதுகளின் வீரர்களில் பலர் போரில் இறந்தார்கள். நாடு இழந்த அந்தத் தரம் திரும்பி வரவேயில்லை.

ஏழுபேர் ஆட்டம் ஓட்டக்காரனுக்கு உரியது. ஸ்கிரம்மில் மூன்று பேர்தான். என்னைப் போன்ற முன்வரிசைக்காரனுக்கு அங்கே வேலை இல்லை. ஆகவே அந்தக் கதவு எனக்குத் திறக்கவில்லை.

மூன்றாவது வழி வெளியே போவது. ஹனோவரில் வளர்ந்த ரொபேர்ட் மோர் பிரான்சுக்குப் போய் லா ரோஷெல் அணியில் நெடுங்காலம் ஆடி அணித்தலைவருமானார். ஓய்வுக்குப் பிறகு அதே கழகத்தின் நிர்வாகத்தில் சேர்ந்தார். அந்தக் கழகம் 2022இலும் 2023இலும் ஐரோப்பிய சாம்பியன்ஸ் கிண்ணத்தை வென்றது. பிராங்பேர்ட்டில் தொடங்கிய அன்டன் செக்னர் பதின்ம வயதிலேயே நியூஸிலாந்தின் நெல்சன் கல்லூரிக்குப் படிக்கப் போய், ஓக்லாந்தின் புளூஸ் அணிவரை ஏறினார். இந்தப் பெயர்களை எங்கள் இளையோர் மனப்பாடமாகச் சொல்வார்கள். சொல்லட்டும். கூடவே, அந்த இருவருக்கும் பந்தை முதலில் கையில் கொடுத்தது ஊர்க் கழகங்களின் பயிற்றுநர்கள்தான் என்பதையும் நான் சொல்லிக்கொடுக்கிறேன்.

காயத்தைப் பற்றிச் சொல்லாமல் இந்தத் தொழிலைப் பற்றிப் பேசமுடியாது. ஒரு பருவத்தின் நடுவில் ஸ்கிரம் சரிந்து விழுந்தபோது என் இடத் தோள் மூட்டு கழன்றது. சத்திரசிகிச்சை, பிறகு நீண்ட நாள் கை தொட்டிலில். பட்டறைக்கு ஒரு கையோடு போய் மைஸ்டர் முன்னால் நின்றேன். ஜேர்மன் சட்டப்படி நோயில் கிடக்கும் தொழிலாளிக்கு முதலாளி ஆறு வாரம் முழுச் சம்பளம் கொடுக்கவேண்டும். அதற்குப் பிறகு நோய்க் காப்புறுதி மொத்தச் சம்பளத்தில் ஏறக்குறைய 70 வீதம் கொடுக்கும். விளையாட்டில் பட்ட காயத்துக்கும் அது பொருந்தும். ஒப்பந்தச் சம்பளம் வாங்கும் வீரனுக்கு இதைவிட நல்ல விபத்துக் காப்புறுதி சட்டத்திலேயே இருக்கிறது. வெறும் பயணச் செலவுக்கு ஆடுகிறவனுக்கு அது இல்லை. அவனைக் காப்பது அவனுடைய மற்றத் தொழில். மைஸ்டர் என்னைத் திட்டவில்லை. "கை ஆறும்வரை வரைபடம் வாசி" என்று கணினி முன் இருத்தினார். இயந்திரத்துக்குக் கட்டளை எழுத நான் பழகியது அந்த மாதங்களில். பின்னாளில் என் சம்பளம் உயர்ந்ததும் அதனால்தான்.

தோளைவிடப் பயப்பட வேண்டியது தலை. தொலைக்காட்சி ஆட்டங்களில் தலையில் அடிபட்டவனை வைத்தியர் உள்ளே கூட்டிப்போய்ச் சோதிப்பார். எங்கள் மைதானங்களில் பெரும்பாலும் முதலுதவிக்காரர் மட்டும் இருப்பார். அங்கே ஒரே விதி: சந்தேகம் வந்தால் வெளியே, அன்றைக்குத் திரும்ப உள்ளே இல்லை. மறுநாள் நூறில் ஒரு மில்லிமீற்றரைக் கண்ணால் பிடிக்க வேண்டிய எனக்கு அந்த விதியின் அருமை நன்றாகத் தெரியும். தலை கலங்கியவனை இயந்திரத்தடியில் யாரும் நிற்கவிடமாட்டார்கள். ஸ்கிரம்மிலும் நிற்கவிடக் கூடாது. இளையோரிடம் நான் கண்டிப்பு அதிகம் காட்டுவது இதில் ஒன்றில்தான்.

இத்தனைக்கும் ஏன் ஆடினேன்? மூன்று பேர் தோளோடு தோள் கோத்து, மூச்சு ஒன்றாகி, எட்டுப் பேரின் பலம் ஒரே கோட்டில் முன்னே நகரும் அந்த அடிக்காக. ஹம் நகரத்துக் காமாட்சி அம்மன் கோயில் தேரை வடம் பிடித்திருக்கிறேன். அசையாமல் நிற்கும் தேர் நூறு கைகளின் இழுப்பில் முதல் அங்குலம் நகரும்போது உடம்பில் ஓடும் சிலிர்ப்புத்தான் எதிரணி ஸ்கிரம் பின்வாங்கும்போதும் வரும். யார் இழுத்தது என்று தனியாகச் சொல்லமுடியாத வேலை அது. மறுநாள் பத்திரிகையில் வருவது ஓடிப்போய்ப் பந்தை வைத்தவனின் பெயர். அவனுக்கு அந்த இடைவெளி எப்படிக் கிடைத்தது என்று முன்வரிசை மூவருக்கும் தெரியும். எங்களுக்கு அது போதும்.

ஆட்டம் முடிந்தபின் மூன்றாம் பாதி என்று ஒன்று உண்டு. இரண்டு அணியும் ஒரே மண்டபத்தில் சாப்பிடவேண்டும். சற்றுமுன் என் கழுத்தை முறிக்கப் பார்த்த ஃபைலர் தட்டில் உருளைக்கிழங்குச் சலாட்டோடு வந்து பக்கத்தில் இருப்பான். தன் கால் எங்கே வழுக்கியது, என் பிடி எங்கே தளர்ந்தது என்று பேசுவான். தச்சர், தாதி, சட்டம் படிக்கிறவர், தீயணைப்புக்காரர், பேக்கரிக்காரர் எல்லோரும் அந்த மேசையில் இருந்தார்கள். ஒரு அகதிக் குடும்பத்துப் பிள்ளை இந்த நாட்டை உள்ளிருந்து அறிய எனக்கு அந்த மேசை கிடைத்தது. தொழில் பழகும்போது எங்கே இடம் காலியாக இருக்கிறது, எந்த வீட்டுக்காரர் நல்லவர், வரிப் பத்திரத்தை எப்படி நிரப்புவது என்பதெல்லாம் அங்கே கேட்டுத் தெரிந்தவை.

கழுத்தெலும்பில் தேய்மானம் என்று வைத்தியர் சொன்ன பருவத்தோடு பெரிய ஆட்டத்தை நிறுத்தினேன். மறு திங்கட்கிழமை வழக்கம்போல ஆறு மணிக்குப் பட்டறையில் நின்றேன். முழுநேர வீரர் பலருக்கு ஓய்வு ஒரு பள்ளம். என் காலடியில் தரை இருந்தது. இப்போது பதினான்கு வயதுக்குட்பட்டோருக்குப் பயிற்சி கொடுக்கிறேன். முதல் மாதம் குனிந்து நிற்கக் கற்றுக்கொடுக்கிறேன்.

காலமும் மாறுகிறது. 2025இல் மும்பையில் ஆறு அணிகளோடு நடந்த முதல் றக்பி பிரீமியர் லீக்கைச் சென்னை புல்ஸ் வென்றது. அந்தச் செய்தித் துண்டுகளைச் சொந்தக்காரர் எனக்கு அனுப்பி, இனி நம்மூரிலும் இதில் காசு வருமா என்று கேட்கிறார்கள். வரும். வரட்டும். உரிமையாளரின் காசில் தொடங்கும் எந்த லீக்கையும் பார்த்து நான் கேட்பது ஒன்று: அந்த வீரனுக்கு முப்பத்தைந்து வயதில் கையில் என்ன இருக்கும்? ஹைடல்பேர்க்கில் கண்டதை வைத்துத்தான் கேட்கிறேன்.

பிள்ளையைக் கூட்டிவரும் பெற்றோரிடம் கழகத்தைக் கேட்கச் சொல்லி மூன்று கேள்விகள் கொடுக்கிறேன். காயம்பட்டால் செலவு யாருடையது? பெரிய கொடையாளி விலகினால் அடுத்த பருவம் எப்படி ஓடும்? இளையோருக்குப் பயிற்சி கொடுப்பவர் யார், எத்தனை காலமாக இருக்கிறார்? மூன்றாவது கேள்விக்கு நல்ல பதில் வந்தால் மற்ற இரண்டையும் மெல்லத் திருத்திக்கொள்ளலாம் என்பது என் அனுபவம்.

பெற்றோருக்குச் சொல்வதோடு விஷயம் முடியாது. இராணுவம் ஏழுபேர் ஆட்டக்காரனுக்குச் செய்வதைப் பட்டறைகளும் மருத்துவமனைகளும் நகரசபைகளும் பதினைந்துபேர் ஆட்டக்காரனுக்குச் செய்யமுடியும். தொழில் பழகும் இடம் ஒன்று, பயிற்சி நாளில் காலை முறை, வெளியூர் ஆட்டத்துக்கு முதல்நாள் விடுமுறை. இவற்றைக் கழகம், முதலாளி, வீரன் மூவரும் ஒரே தாளில் கையெழுத்திட்டு வைத்துக்கொண்டால், எந்த ஒரு தனி மனிதரின் பணம் போனாலும் அந்த வீரன் விழமாட்டான். என் மைஸ்டர் தாளில்லாமலே எனக்கு அதைச் செய்தார். எல்லாப் பிள்ளைகளுக்கும் அப்படியொரு மைஸ்டர் வாய்ப்பார் என்று நம்பியிருக்க முடியாது. ஆகவே எங்கள் கழகத்தின் சார்பில் அந்தத் தாளை எழுதி ஊர்ப் பட்டறைகளின் கதவைத் தட்டிக்கொண்டிருக்கிறேன். சிலர் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். மற்றவர்களிடம் திரும்பவும் போவேன்.